எஃப்.எம். பாட்டும் வடசென்னையும்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் கடை. நைனா காலத்தில் ரேடியோ ரிப்பேர் மட்டும்தான். இப்போது மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்று எது வந்தாலும் பார்க்கிறோம். ஆனாலும் கடைக்குள் காலை முதல் இரவு வரை ஒரு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டபடி நிற்கிறவர்கள் ஏதாவது கேட்பார்கள். என் அக்கா மகள் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் சில காலம் வேலை பார்த்தாள். உள்ளே நடப்பதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொன்ன பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எஃப்.எம். என்பது நிலையத்தின் பெயரா?

இல்லை. ஒலியை அலையில் ஏற்றும் முறையின் பெயர். பழைய மீடியம் வேவில் அலையின் வலிமை கூடிக் குறையும். எஃப்.எம்.மில் வலிமை அப்படியே இருக்கும், அதிர்வெண்தான் லேசாக முன்னும் பின்னும் அசையும். மோட்டார் பொறி, வெல்டிங், மின்னல் எல்லாம் அலையின் வலிமையைத்தான் கெடுக்கும். அதனால் அந்த இரைச்சல் எஃப்.எம்.மில் அவ்வளவாக ஏறாது. பட்டறைகள் நிறைந்த எங்கள் பகுதியில் இதன் அருமை நன்றாகவே தெரியும். பக்கத்துக் கடையில் வெல்டிங் ஓடும்போது மீடியம் வேவ் கரகரவென்று கத்தும், எஃப்.எம். பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

சென்னையில் வானொலி எப்போது தொடங்கியது?

1924இல். கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே 1936இல்தான் வந்தது. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே சென்னையில் ஆர்வலர்கள் சேர்ந்து ஒலிபரப்பிவிட்டார்கள். 1927இல் பணம் போதாமல் அது நின்றது. கருவிகள் மாநகராட்சியிடம் போயின. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. வீட்டில் செட் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அதனால் மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். தெருவோடு சேர்ந்து ரேடியோ கேட்கும் பழக்கம் இந்த ஊருக்கு அப்போதே வந்துவிட்டது.

1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. 1954இல் அது கடற்கரைப் பக்கம், இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது.

அப்போதே சினிமாப் பாட்டுப் போட்டார்களா?

போட்டார்கள், அப்புறம் குறைத்தார்கள். 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கிப்போனது. மக்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். ரேடியோ சிலோனுக்கு இந்தியா முழுவதும் காது கிடைத்தது அப்படித்தான்.

நைனா சொல்லுவார்: கடைக்கு வருகிற ஆள் செட்டில் முதலில் பார்ப்பது விலையை இல்லை, "சிலோன் எடுக்குமா?" என்பதைத்தான். ராயபுரம், காசிமேடு வீடுகளில் தெளிவாகவே எடுக்குமாம். கடலுக்கு மேல் மீடியம் வேவ் நன்றாகப் பயணம் செய்யும். உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி, அலை அதிகம் தேயாமல் வந்து சேரும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்ற பெயர்களை என் வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பாட்டுக்கு நடுவில் பேசுகிறவருக்கும் ரசிகர்கள் உண்டு என்று தமிழர்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள். இன்றைய ஆர்.ஜே.க்களின் வேர் அங்கே இருக்கிறது.

டெல்லியும் கடைசியில் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது, சினிமாப் பாட்டும் வானொலிக்குத் திரும்பியது.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று தாத்தா சொல்கிறாரே, நிஜமா?

நிஜம்தான். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி வாங்க வேண்டியிருந்தது. 1980களில்தான் அது ஒழிந்தது. எங்கள் கடை மேசை இழுப்பறையில் அப்படி ஒரு புத்தகம் இன்னும் இருக்கிறது. யாரோ செட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு மறந்துபோனது. மடிப்பில் கரையான் அரித்தும், ஒட்டிய ஸ்டாம்பு மட்டும் நிறம் போகாமல் இருக்கிறது.

சரி, சென்னைக்கு எஃப்.எம். எப்போது வந்தது?

பலரும் 2003 என்பார்கள். உண்மையில் இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பே சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. ஆனால் அதைப் பிடிக்கும் செட் அப்போது அதிகம் பேரிடம் இல்லை. கதவைத் திறந்துவைத்தும் ஆள் வராத கல்யாண மண்டபம் மாதிரி பல ஆண்டுகள் கிடந்தது.

கூட்டம் 1993இல் வந்தது. அகில இந்திய வானொலி தன் எஃப்.எம். நேரத்தில் சில மணிகளைத் தனியார் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. அந்த வாய்ப்பு கிடைத்த சில நகரங்களில் சென்னையும் ஒன்று. காலமும் தோதாக அமைந்தது. முந்தைய ஆண்டு, 1992இல், 'ரோஜா' வந்து பாட்டின் ஒலியே மாறியிருந்தது. அந்த ஒலியை மீடியம் வேவில் கேட்பதும் எஃப்.எம்.மில் கேட்பதும் ஒன்றில்லை. மீடியம் வேவில் தாளக் கருவிகளின் மேல் முனை மழுங்கிப் போகும். எஃப்.எம்.மில் ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாகக் கேட்கும், அதுவும் இடது வலது பிரிந்து. கடையில் எஃப்.எம். செட்டைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் தனியுரிமை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அரசு எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட்டது. 2001 ஜூலையில் பெங்களூரில் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். ஒலித்தது. சென்னையில் சூரியன் எஃப்.எம்.மும் ரேடியோ மிர்ச்சியும் 2003இல் வந்தன. முதல் கட்டத்தில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் என்று வைத்திருந்தார்கள், பல நிறுவனங்களால் தாங்க முடியவில்லை. 2005இல் விதியை மாற்றினார்கள். நுழைவுக் கட்டணம் ஒருமுறை, அப்புறம் வருமானத்தில் 4 சதவீதம். அதன் பிறகுதான் ஹலோ எஃப்.எம்., பிக் எஃப்.எம்., ரேடியோ சிட்டி என்று சென்னையில் வரிசை கட்டி வந்தன.

எண்கள் ஏன் 91.1, 91.9, 92.7 என்று ஒரு மாதிரியாக இருக்கின்றன?

கழித்துப் பாருங்கள். 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 0.8 இடைவெளி. ஒரே ஊரில் இரண்டு நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்க அந்த அளவு விட்டுக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் எஃப்.எம். பட்டை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குள்தான் அரசு வானொலி, தனியார், ஒரு பகுதிக்கு மட்டும் சின்ன அளவில் நடத்தும் சமுதாய வானொலி எல்லோரும் இடம் பிடிக்க வேண்டும். அரசு வானொலியின் ரெயின்போ 101.4இல், மிர்ச்சி 98.3இல், ஹலோ 106.4இல்.

ஒரு மணி நேரத்தில் என்ன வரும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆர்.ஜே. தன் மனதுக்குப் பட்டதைப் போடுகிறார் என்று ரொம்ப நாள் நானும் நினைத்திருந்தேன். அக்கா மகள்தான் அந்த நினைப்பை உடைத்தாள்.

ஒவ்வொரு மணிக்கும் ஒரு "கிளாக்" இருக்கிறது. கடிகார முகம் மாதிரி ஒரு வட்டம் வரைந்து, அதைத் துண்டு போட்டிருப்பார்கள். மணி அடித்ததும் நிலையத்தின் பெயரைப் பாடும் ஜிங்கிள். உடனே அந்த வாரம் ஓடுகிற புதுப் பாட்டு ஒன்று. அப்புறம் ஓர் ஆண்டுக்கு முந்தையது. ஆர்.ஜே. பேசும் துண்டு, அதற்கு "லிங்க்" என்று பெயர், அரை நிமிடம் ஒரு நிமிடம்தான். பிறகு விளம்பரம். விளம்பரம் முடிந்து திரும்பும் இடத்தில் எப்போதும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகவே வைப்பார்கள். ஏன் தெரியுமா? விளம்பரத்தில் வேறு நிலையத்துக்குத் தாவிய ஆள் திரும்பி வரும்போது தெரியாத பாட்டு ஓடினால் மறுபடி தாவிவிடுவார். இப்படியே ஒரு மணிக்குப் பத்துப் பாட்டு, முன்னே பின்னே.

எந்தத் துண்டில் எந்தப் பாட்டு என்பதை இசைப் பொறுப்பாளர் முந்தைய நாளே கணினியில் அடுக்கிவிடுவார். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது, ஒரே படப் பாட்டு ஒட்டி வரக் கூடாது, இரண்டு சோகப் பாட்டு சேரக் கூடாது, இப்படி நிறைய விதிகள். ஆர்.ஜே. முன்னால் திரையில் பட்டியல் ஓடும். அவர் கையில் இருப்பது மைக்கும், அந்த அரை நிமிடமும்தான். அந்த அரை நிமிடத்தில் ஒரு ஆளைச் சிரிக்க வைத்து, நிலையத்தின் எண்ணைச் சொல்லி, அடுத்த பாட்டின் குரல் தொடங்கும் நொடிக்கு முன் சரியாக முடிக்க வேண்டும். பாட்டின் முன் இசை 14 விநாடி என்றால் 13வது விநாடியில் வாய் மூடியிருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் கடையில் அதைத்தான் கவனித்துக் கேட்கிறேன். சரியாக முடிக்கிற ஆளைக் கேட்டால், நன்றாக சால்டர் வைக்கிற கையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

காலைக்கும் இரவுக்கும் பாட்டு ஏன் மாறுகிறது?

கேட்கிற ஆள் மாறுவதால். காலையில் பள்ளிக்கூடம், வேலை என்று ஓடுகிறவர்களுக்கு வேகமான பாட்டும் நேரம் சொல்லும் பேச்சும். மதியம் வீட்டில் இருப்பவர்கள், தையல் மிஷின் முன் உட்கார்ந்திருப்பவர்கள். மாலையில் ஆட்டோ, பஸ், ஷேர் ஆட்டோ. இரவு பத்துக்கு மேல் இளையராஜா. இதை எந்த நிலையமும் மாற்றத் துணிவதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் இரவு இஸ்திரி போடும் ஓர் அண்ணன் வண்டியில் கயிற்றால் செட்டைக் கட்டி வைத்திருக்கிறார். கரிப் பெட்டியின் சூட்டில் செட்டின் ஒரு பக்கப் பிளாஸ்டிக் இளகி வளைந்துவிட்டது. மாற்றித் தருகிறேன் என்றாலும் கேட்க மாட்டார். "இதுலதான்டா ராஜா பாட்டு சரியா கேக்குது" என்பார்.

ஏன் அதே பாட்டு நாலு தடவை வருகிறது?

நீங்கள் நாள் முழுக்கக் கேட்கிறீர்கள், அதனால் தெரிகிறது. நிலையம் உங்களுக்காகக் கணக்குப் போடவில்லை. ஆட்டோவில் இருபது நிமிடம் கேட்கிற ஆளுக்காகக் கணக்குப் போடுகிறது. அந்த இருபது நிமிடத்துக்குள் ஓடுகிற பாட்டு ஒன்றாவது அவர் காதில் விழ வேண்டும். அதற்காக உச்சத்தில் இருக்கும் ஒரு சில பாட்டுகளை சில மணிக்கு ஒருமுறை சுற்றி விடுவார்கள். இதை "ரொட்டேஷன்" என்பார்கள். எங்களைப் போல் கடை வைத்திருப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறோம்.

இரண்டாவது சரணத்தை ஏன் வெட்டுகிறார்கள்?

நேரம். நாலரை நிமிடப் பாட்டை மூன்றரை நிமிடமாக்கினால் மணிக்கு இரண்டு பாட்டு கூடுதலாகப் போடலாம். விளம்பரத்தை 10 விநாடிக் கணக்கில் விற்கிறார்கள், ஒவ்வொரு விநாடிக்கும் விலை இருக்கிறது. காரணம் புரிகிறது, மனம்தான் ஒப்பவில்லை. இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம் இரண்டும் போன பாட்டு, மாடிப்படி நடுவில் நின்ற வீடு மாதிரி. எத்தனையோ பாட்டுகளில் கவிஞர் சொல்ல வந்ததை இரண்டாம் சரணத்தில்தான் சொல்லியிருப்பார். இரவு நேர நிகழ்ச்சிகளில் முழுப் பாட்டைப் போடும் ஆர்.ஜே.க்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

பாட்டுப் போட நிலையங்கள் பணம் கட்டுமா?

கட்டும். இசை நிறுவனங்களுக்கும் வானொலிகளுக்கும் இது பற்றி நீண்ட வழக்கு நடந்தது. மணிக்கு இவ்வளவு என்று இசை நிறுவனங்கள் கேட்டன. 2010இல் பதிப்புரிமை வாரியம், நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று தீர்த்தது. அந்தக் கணக்கும் பிறகு மாறியது.

வெளிநாட்டில் பாப் பாட்டுக்கென்று நிலையம் இருக்கிறதே, தமிழில் ஏன் இல்லை?

இருக்கிறது. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதே அதுதான். நமக்கு வெகுமக்கள் இசை என்றால் சினிமாப் பாட்டு. நடிகர், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் எல்லோரும் ஒரே தறியில் நெய்தது. படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்து, வானொலியில் பழகி, அப்புறம் தியேட்டரில் ஆள் எழுந்து ஆடும். ஆகவே சென்னையில் எஃப்.எம். நிலையம் தொடங்குகிறவர் சினிமாவைத் தவிர்த்து நடத்த முடியாது.

ஆனால் அதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. சினிமாவுக்கு வெளியே பாடுகிறவருக்கு அந்த வட்டத்தில் துண்டு கிடையாது. கிளாக்கில் "புதுப் பாட்டு" என்று ஓர் இடம் இருக்கும், "80-கள்" என்று ஓர் இடம் இருக்கும், "தெருவில் பாடுகிறவர்" என்று ஓர் இடம் இருக்காது. வடசென்னைக்காரனாக எனக்கு இதுதான் முக்கியமான விஷயம். அடுத்த கேள்வியும் அதுதான்.

கானா பாட்டு பிறந்தது இங்கே. அது ஏன் எஃப்.எம்.மில் அப்போதே வரவில்லை?

வந்தது, ஆனால் சினிமா வழியாகச் சுற்றி வந்தது.

கானாவை எஃப்.எம்.மில் மட்டும் கேட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இரவு முழுக்கக் கானா பாடுவார்கள். பாடுகிறவர் இறந்துபோனவரின் பெயர், அவர் செய்த வேலை, அவர் பெற்ற பிள்ளைகள், அவர் நின்று டீ குடித்த முக்கு எல்லாவற்றையும் பாட்டில் கொண்டுவருவார். அங்கேயே கட்டுவது, அங்கேயே பாடுவது. சின்ன வயதில் எங்கள் தெருவில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவருக்குப் பாடினார்கள். விடிகாலை மூன்று மணி இருக்கும். தாளக்காரர் கை சோர்ந்துபோய்க் கருவியைக் கீழே வைத்துவிட்டார். பாடினவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியின் தகரத்தில் தட்டிக்கொண்டே, அந்தப் பெரியவர் தூக்கிய மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாடினார். அரிசி, பருப்பு, சிமெண்ட், உரம். அவருடைய சம்சாரம் அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்தவர், உரம் என்ற சொல் வந்ததும் உடைந்து அழுதார். உர மூட்டை தோலை அரிக்கும். இரவில் அந்த அம்மாதான் அவர் முதுகில் எண்ணெய் தடவுவாராம்.

அந்தப் பாட்டு எந்த கிளாக்கில் அடங்கும்? எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது, பதிவு கிடையாது, உரிமை எழுதித் தர ஆள் கிடையாது. மறுநாள் அதே பாட்டு அப்படியே வராது.

இந்த இசையைச் சினிமாவில் பெரிய அளவில் கொண்டுபோனவர் தேவா. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடினார், எல்லா எஃப்.எம்.மிலும் அவர் குரல் ஓடியது. 2012இல் 'அட்டகத்தி' வந்தபோது கானா பாலா ஊருக்கே தெரிந்தார். அவர் அதற்கு முன்பே எங்கள் பக்கம் எத்தனையோ மேடைகளில் பாடியவர், சட்டம் படித்தவர். எஃப்.எம்.முக்கு அவரைத் தெரியவருவதற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. கடையில் அவர் பாட்டு முதல் தடவை ஓடிய நாளில் பழுதான மிக்ஸியோடு நின்ற ஓர் அக்கா, "நம்ம பாலா" என்று கையைத் தட்டினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இவ்வளவு தாமதமா என்றும் இருந்தது.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து, படம் எதுவும் இல்லாமல் பாடினார்கள். கூட்டம் திரண்டது. ஆனால் அவர்களைக் கேட்க எங்கள் தெருப் பையன்கள் யூடியூபைத்தான் திறந்தார்கள், ரேடியோவை இல்லை.

எஃப்.எம்.மில் நம் வடசென்னைப் பேச்சைக் கிண்டலாகவே பேசுகிறார்களே?

இந்த வருத்தம் எனக்கும் உண்டு. குறும்பு போன் நிகழ்ச்சி என்றால் "இன்னாபா" என்று இழுத்துப் பேசும் ஒரு ஆள் வந்துவிடுவார். அவர் ரவுடியாகவோ ஏமாளியாகவோ இருப்பார். காலை நிகழ்ச்சியில் தங்கக் கடையைப் பற்றிப் பேசும்போது அந்தத் தமிழ் வராது. நாங்கள் இந்தப் பேச்சில்தான் கணக்குப் பார்க்கிறோம், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறோம், ஆஸ்பத்திரியில் ஆறுதல் சொல்கிறோம். ஒரு ஆர்.ஜே. இந்தத் தமிழில் ஒரு நாள் தேர்வு முடிவையோ ரத்தம் தேவை என்ற அறிவிப்பையோ சொல்லிக் கேட்க எனக்கு ஆசை.

தனியார் எஃப்.எம்.மில் செய்தி ஏன் இல்லை?

அனுமதி இல்லை. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது. 2011 கொள்கைப்படி அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, விளையாட்டு, குடிநீர் மின்சார அறிவிப்பு போன்றவை செய்தியாகக் கணக்கில் வராது, அவற்றைச் சொல்லலாம். அதனால்தான் "மூலக்கடை சந்திப்பில் நெரிசல்" என்று சொல்கிறவர்கள், அந்த நெரிசலுக்குக் காரணமான மறியலைப் பற்றிப் பேசுவதில்லை.

வெள்ளத்தில் எஃப்.எம். உதவியது என்கிறார்களே?

உதவியது. 2015 டிசம்பரில் மின்சாரமும் போன் சிக்னலும் போனபோது, யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று நிலையங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல். எங்கள் தெருவில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, நாள் கணக்கில் கரண்டு இல்லை. கடையில் இருந்த பேட்டரி கட்டை எல்லாம் அன்று மாலையே விற்றுத் தீர்ந்துவிட்டது. செட்டை வெளியே எடுத்து ஷட்டர் முன் ஸ்டூலில் வைத்தேன், தெருவே நின்று கேட்டது. வீட்டில் ஒரு சின்ன செட்டும் நாலு பேட்டரி கட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக் காலம் தொடங்குவதற்கு முன் கட்டையை மாற்றுங்கள். பழசை உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

கடலுக்குள் எஃப்.எம். எடுக்குமா?

காசிமேட்டிலிருந்து வரும் அண்ணன்கள் கேட்கும் கேள்வி. கரையை ஒட்டி இருக்கும் வரை எடுக்கும். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமி வளைந்து இறங்குவதால் தூரம் போகப்போகக் கோபுரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. இரைச்சல் ஏறி, வந்து வந்து போய், பட்டென்று காணாமல் போகும். மீடியம் வேவ் அப்படி இல்லை, கடல் மேல் வெகுதூரம் வரும். சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அங்கே கைகொடுக்கும், மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையும் அகில இந்திய வானொலியில் வரும். ஆகவே கடலுக்குப் போகிறவர்கள் எஃப்.எம். மட்டும் இருக்கும் செட் வாங்க வேண்டாம். இரண்டும் இருக்கும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்குள் கரகரவென்கிறது, என்ன செய்வது?

ஆன்டெனாவை முழுசாக இழுங்கள், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. 98.3க்கு அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால் பங்கு 76 செ.மீ. அந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கம்பி முறிந்துபோயிருந்தால் அதே நீளத்துக்கு ஒயர் கட்டினாலும் எடுக்கும். ஜன்னல் பக்கம் வையுங்கள். ஸ்டீரியோ, மோனோ பட்டன் இருந்தால் மோனோவுக்குத் தள்ளுங்கள், பாதி இரைச்சல் அடங்கும். மீடியம் வேவ் சரியாக எடுக்கவில்லை என்றால் கம்பியை இழுத்துப் பயனில்லை. அதன் ஆன்டெனா செட்டுக்குள் இருக்கும் ஃபெரைட் கட்டை. செட்டையே மெதுவாகத் திருப்புங்கள், ஓர் இடத்தில் பளிச்சென்று எடுக்கும்.

போனில் ஹெட்செட் குத்தினால்தான் எஃப்.எம். வருகிறது, ஏன்?

அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒயர் இல்லாத ஹெட்செட்டில் அந்த வேலை நடக்காது.

வடசென்னைக்கென்று தனியாக ஒரு வானொலி வர முடியுமா?

முடியும், சட்டம் இடம் கொடுக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 முதல் 90.4இல் சமுதாய வானொலி நடத்துகிறது. இந்தியாவில் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய முதல் சமுதாய வானொலி அது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2006இல் பதிவு பெற்று மூன்று ஆண்டுகள் ஆன தொண்டு அமைப்புகளும் கேட்கலாம் என்று திறந்துவிட்டார்கள். 100 வாட் சக்தி, 30 மீட்டர் வரை கோபுரம், நிகழ்ச்சியில் பாதியாவது அந்தப் பகுதியிலேயே தயாரித்ததாக இருக்க வேண்டும். சுமார் 10 கிலோமீட்டர் எடுக்கும். தண்டையார்பேட்டையில் கோபுரம் நின்றால் ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் எல்லாம் உள்ளே வந்துவிடும். எண்ணூர்தான் கொஞ்சம் சிரமம்.

அக்கா மகளிடம் இதற்கு ஒரு கிளாக் போட்டுத் தரச் சொன்னேன். கடை பில் புத்தகத்தின் பின் அட்டையில் வட்டம் வரைந்து கொடுத்திருக்கிறாள். விடிகாலை 4 மணிக்குக் கடல் வானிலையும் காசிமேட்டில் அன்றைய மீன் விலையும். 6 மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் தெருக்கள். இடையில் சினிமாப் பாட்டு, இரண்டாம் சரணத்தோடு. இரவு 9க்கு ஒரு பெரிய துண்டை வெறுமனே விட்டு, "கானா, நேரக் கணக்கு இல்லை" என்று எழுதியிருக்கிறாள்.